புதிய கேமராவா, 20 வெள்ளி நினைவட்டையா?

நாடகத்தின் கடைசிக் காட்சி முடிந்து அரங்கில் விளக்குகள் எரிந்தன. முதன்முறையாக மேடையேறிய முதலாமாண்டு மாணவி ஒருவர், ஒப்பனையைக்கூடக் கலைக்காமல் முன்வரிசைக்கு ஓடினார். மூவாரிலிருந்து பேருந்தில் வந்திருந்த அவருடைய பாட்டி எழுந்து நின்றார். இரு கைகளாலும் பேத்தியின் முகத்தைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டார்.

நான் நான்கு அடி தூரத்தில்தான் நின்றிருந்தேன். எங்கள் பல்கலைக்கழகத் தமிழ் மன்றத்தின் நிகழ்ச்சிகளைப் படமெடுப்பது என் பொறுப்பு. கேமராவைக் கண்ணில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். மீண்டும் அழுத்தினேன். எதுவும் நடக்கவில்லை. பின்புறம் சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கியது. ‘பிஸி’ என்று காட்டியது கேமரா. கடைசிக் காட்சியில் வரிசையாகச் சுட்டுத் தள்ளிய படங்களை அது இன்னும் சேமித்துக்கொண்டிருந்தது. அது முடிப்பதற்குள் பாட்டி மீண்டும் இருக்கையில் அமர்ந்து, கைப்பையில் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அந்த மாணவி குறுஞ்செய்தி அனுப்பினார். “அக்கா, பாட்டி முத்தம் கொடுத்தப்போ நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க? அந்தப் படத்தை அனுப்ப முடியுமா?”

இல்லை என்று பதில் எழுதுவதற்கு எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

குற்றவாளி யார்?

அன்றிரவே முடிவுசெய்துவிட்டேன், புதிய கேமரா வாங்க வேண்டும் என்று. என்னிடம் இருப்பது கெனன் 700டி. 2013ஆம் ஆண்டு வெளிவந்த மாடல். பெரியம்மா மகன் தேசிய சேவைக்குச் சென்றபோது, “வீட்டுல சும்மா கெடக்கறதுக்கு நீ வெச்சிக்கோ,” என்று என்னிடம் கொடுத்தது. பத்து ஆண்டுக்கு மேற்பட்ட கருவி என்றால் மெதுவாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன்.

தொடக்கப்பள்ளி மாணவர்கள் இருவருக்குத் துணைப்பாடம் சொல்லிக் கொடுத்தும், வார இறுதிகளில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தும் எட்டு மாதங்களில் 1,600 வெள்ளி சேர்த்திருந்தேன். அது வேறு எதற்காகவும் ஒதுக்கிய பணம் அல்ல. ஆனால், அடுத்த பருவத்தில் ஊதியமில்லா வேலைப்பயிற்சி வந்தால் போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் அம்மாவிடம் கை நீட்டாமல் இருக்க உதவும் என்று ஒரு கணக்கு மனத்தில் இருந்தது.

“உன் காசு, உன் இஷ்டம்,” என்றார் அம்மா. அப்படிச் சொன்னால் இஷ்டமில்லை என்று பொருள் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை ஈசூனிலிருந்து ரயில் ஏறி சிட்டி ஹாலில் இறங்கினேன். அங்குள்ள பெனின்சுலா கடைத்தொகுதியில் கேமரா கடைகள் வரிசையாக இருக்கும். புதியவையும் உண்டு, பயன்படுத்தியவையும் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் விலைச்சீட்டோடு உட்கார்ந்திருக்கும் கருவிகளைப் பார்த்துக்கொண்டே ஒரு கடைக்குள் நுழைந்தேன்.

கடைக்கார அங்கிளுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நடந்ததைச் சொன்னேன். வேகமான கேமரா வேண்டும், என்னிடம் 1,600 வெள்ளி இருக்கிறது என்றேன். விற்பனைக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருக்காது. ஆனால், அவர் எந்தக் கேமராவையும் வெளியே எடுக்கவில்லை.

“உன் கேமராவில் என்ன கார்டு போட்டிருக்கிறாய்?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. இரண்டு ஆண்டுகளாக அந்த நினைவட்டையை நூறு முறையாவது வெளியே எடுத்து மடிக்கணினியில் செருகியிருப்பேன். அதன்மேல் எழுதியிருந்ததை ஒருமுறைகூடப் படித்ததில்லை.

அட்டையில் இருந்த எண் 4

அவர் மூடியைத் திறந்து அட்டையை எடுத்து, சிறிய வட்டத்துக்குள் இருந்த எண்ணைக் காட்டினார். 4. அதாவது ‘கிளாஸ் 4’. வினாடிக்குக் குறைந்தது 4 மெகாபைட் வேகத்தில் எழுதும் என்ற உறுதிமொழி அது. அண்ணன் கேமராவோடு கொடுத்த அந்த அட்டை, அவர் அதற்கு முன்பு வைத்திருந்த சின்னக் கேமராவிலிருந்து வந்தது என்பது பிறகு விசாரித்தபோது தெரிந்தது.

வீட்டிற்கு வந்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கேமரா 18 மில்லியன் படப்புள்ளிகள் கொண்டது. ‘ரா’ எனப்படும் மூலக் கோப்பாகச் சேமித்தால் ஒரு படம் ஏறக்குறைய 24 மெகாபைட். படமெடுத்தவுடன் அது நேராக அட்டைக்குப் போவதில்லை. முதலில் கேமராவுக்குள் இருக்கும் தற்காலிக நினைவகத்தில் வரிசை பிடித்து நிற்கும். அங்கிருந்து ஒவ்வொன்றாக அட்டையில் எழுதப்படும். அந்த இடம் நிரம்பிவிட்டால் கேமரா கதவைச் சாத்திவிடும்.

என் கேமராவில் அந்த இடம் ஏறத்தாழ 6 ‘ரா’ படங்களுக்குத்தான் போதும். 6 படங்கள் என்றால் 144 மெகாபைட். வினாடிக்கு 4 மெகாபைட் வீதம் எழுதினால் 36 வினாடி. வினாடிக்கு 30 மெகாபைட் எழுதும் அட்டை என்றால் சுமார் 5 வினாடி. இவை அட்டை தரும் குறைந்தபட்ச உறுதியை வைத்துப் போட்ட கணக்கு. நடைமுறையில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். ஆனால், அரை நிமிடத்துக்கும் ஐந்து வினாடிக்கும் உள்ள வித்தியாசம், ஒரு பாட்டியின் முத்தத்துக்கும் அவர் கைக்குட்டை தேடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

கேமராமீது நான் சுமத்திய பழி, 20 வெள்ளிப் பொருள்மீது விழ வேண்டியது. சரியாகச் சொன்னால், அந்தப் பொருளைப் படித்துப் பார்க்காத என்மீது.

அட்டையைப் படிப்பது எப்படி?

நினைவட்டையின் முகப்பில் ஒரு விரல்நகம் அளவு இடத்தில் ஏகப்பட்ட குறிகள் இருக்கும். பயப்பட வேண்டாம். மூன்றை மட்டும் பார்த்தால் போதும்.

முதலாவது, கொள்ளளவு. 32, 64, 128 ஜிகாபைட் என்று இருக்கும். இதை எல்லாரும் பார்க்கிறோம்.

இரண்டாவது, எழுதும் வேகம். வட்டத்துக்குள் 10 என்றால் வினாடிக்குக் குறைந்தது 10 மெகாபைட். ‘வி30’ என்றால் 30, ‘வி60’ என்றால் 60, ‘வி90’ என்றால் 90. அட்டையில் மிகப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் 100, 170, 200 போன்ற எண்கள் பெரும்பாலும் படிக்கும் வேகத்தைக் குறிப்பவை. கணினிக்கு மாற்றும்போது அது உதவும். நிகழ்ச்சி நடக்கும்போது நமக்கு வேண்டியது எழுதும் வேகம்.

மூன்றாவது, யுஎச்எஸ் என்ற இணைப்பு வகை. ரோமன் எண் ஒன்று போட்டிருந்தால் அந்த இணைப்பின் உச்ச வேகம் வினாடிக்கு 104 மெகாபைட். இரண்டு போட்டிருந்தால் 312 மெகாபைட். பின்புறம் உலோகத் தகடுகள் இரண்டு வரிசையாக இருக்கும். இரண்டாம் வகை அட்டையை என் 700டி போன்ற பழைய கேமராவில் போட்டாலும் வேலை செய்யும், ஆனால் முதல் வகை வேகத்தில்தான். அதிகப் பணம் கொடுத்து வாங்கியும் பயன் இருக்காது.

காணொளி எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேமரா விவரக்குறிப்பில் வரும் ‘மெகாபிட்’ வேறு, அட்டையில் வரும் ‘மெகாபைட்’ வேறு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். வினாடிக்கு 100 மெகாபிட் தரத்தில் 4கே காணொளி என்றால் 12.5 மெகாபைட்தான். அதற்கு வி30 அட்டை தாராளம். ஒரு நிமிடக் காணொளி 750 மெகாபைட் பிடிக்கும். 64 ஜிகாபைட் அட்டையில் ஏறக்குறைய 85 நிமிடம் எடுக்கலாம். அதே 4கே காணொளியை 400 மெகாபிட் தரத்தில் எடுத்தால் வினாடிக்கு 50 மெகாபைட் வேண்டும். அப்போது வி60 தேவைப்படும். 64 ஜிகாபைட் 21 நிமிடத்தில் தீர்ந்துவிடும். கேமராவில் ஓர் அமைப்பை மாற்றியதும் அட்டையின் செலவு மாறிவிடுகிறது.

அப்பாவின் இழுப்பறை

கடையிலிருந்து 64 ஜிகாபைட் வி30 அட்டை ஒன்றோடு திரும்பினேன். நடந்ததை அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, தொலைக்காட்சிக்குக் கீழே உள்ள இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதில் அவர் 2006இல் வாங்கிய வெள்ளி நிறக் கேமரா. மின்கலம் உயிரோடு இல்லை. கணினியோடு இணைக்கும் கம்பியையும் காணவில்லை.

“இதுக்குள்ள ஒரு கார்டு இருக்கு. உன் சின்ன வயசுப் படமெல்லாம் அதுலதான். லேப்டாப்புல போட்டுப் பாரு,” என்றார்.

அட்டையை எடுத்தேன். எங்கள் வீட்டில் எந்தத் துளையிலும் அது பொருந்தவில்லை. அது ‘எக்ஸ்டி’ வகை.

அப்போதுதான் இந்தச் சின்னஞ்சிறு பொருள்களுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய வரலாறு இருக்கிறது என்று தேடிப் படித்தேன். 1994இல் காம்பேக்ட் ஃபிளாஷ் வந்தது. 1995இல் பிஸ்கட்டைவிட மெல்லிய ஸ்மார்ட்மீடியா வந்தது; அதன் உச்சக் கொள்ளளவே 128 மெகாபைட்தான். இன்றைய கேமராவில் எடுக்கும் ‘ரா’ படம் ஐந்தாறுகூட அதில் அடங்காது. 1998இல் சோனி தனக்கென மெமரி ஸ்டிக் கொண்டுவந்தது. 1999இல் பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா மூன்றும் சேர்ந்து இன்று நாம் எல்லாரும் அறிந்த எஸ்டி அட்டையை அறிவித்தன. 2002இல் ஒலிம்பசும் ஃபியூஜிஃபிலிமும் எக்ஸ்டியைக் கொண்டுவந்தன. அது 2 ஜிகாபைட்டோடு நின்றுவிட்டது. 2010ஐ ஒட்டி அந்த இரு நிறுவனங்களும் எஸ்டி பக்கம் வந்துவிட்டன. சோனியும் அதே 2010இல் எஸ்டியை ஏற்றுக்கொண்டது.

வென்ற எஸ்டியும் ஒரே அட்டையாக இருக்கவில்லை. முதலில் 2 ஜிகாபைட் வரை. 2006இல் வந்த எஸ்டிஎச்சி 32 ஜிகாபைட் வரை. 2009இல் வந்த எஸ்டிஎக்ஸ்சி 2 டெராபைட் வரை. மூன்றும் ஒரே அளவு, ஒரே உருவம். புதிய கேமரா பழைய அட்டையைப் படிக்கும். ஆனால், 2005ஆம் ஆண்டுக் கேமராவில் இன்றைய 64 ஜிகாபைட் அட்டை அழகாக நுழையும், வேலைதான் செய்யாது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இப்போது நம் வயதினரிடம் பழைய ‘டிஜிகேம்’ மோகம் பரவியிருக்கிறது. என் தங்கையும் இணையத்தில் 60 வெள்ளிக்கு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். படங்களில் அந்தப் பழைய நிறம் வருகிறதாம். விவரத்தைப் படித்துப் பார்த்தேன், அதுவும் எக்ஸ்டி. ‘நினைவட்டை சேர்க்கப்படவில்லை’ என்று கடைசி வரியில் இருந்தது. பயன்படுத்திய எக்ஸ்டி அட்டைக்குத் தனியாக ஒருவர் கேட்ட விலை, கேமரா விலையில் பாதிக்கு மேல். அதே காலத்தைச் சேர்ந்த, எஸ்டி போடக்கூடிய வேறு கேமரா வாங்கும்படி அவளிடம் சொன்னேன். கூடவே பழைய 2 ஜிகாபைட் எஸ்டி அட்டை ஒன்றும் தேட வேண்டும் என்றேன். “கேமராவுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி இருக்கே,” என்றாள்.

அப்பாவின் அட்டைக்கு என்ன ஆயிற்று? அடுத்த வாரம் அதே அங்கிளிடம் எடுத்துச் சென்றேன். பல வகை அட்டைகளைப் படிக்கும் பழைய கருவி ஒன்று அவரிடம் இருந்தது. தூசியைத் துடைத்து மடிக்கணினியில் இணைத்தார். படங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. புளோக்கின் கீழ்த்தளத்தில் மூன்று சக்கர மிதிவண்டியில் நான். பிறந்தநாள் கேக்கில் விரலை விட்டுக்கொண்டு நான். இப்போது என்னைவிட ஏழெட்டு வயதே கூடியவராகத் தெரியும் அம்மா.

எல்லாம் வரவில்லை. சில படங்கள் பாதிவரை திறந்து, கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறமாக நின்றன. நினைவட்டை தகவலை மின்னூட்டமாகச் சேமிக்கிறது. பல ஆண்டுகள் தொடாமல் வைத்திருந்தால் அது மெல்லக் கசியக்கூடும் என்று அங்கிள் விளக்கினார். அட்டை என்பது சாமான் எடுத்துச் செல்லும் பை. அதையே அலமாரியாக நினைத்து நாங்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வைத்திருந்தோம்.

900 வெள்ளி விலைச்சீட்டு

நினைவட்டையை மாற்றியதும் ஆசை அடங்கிவிட்டது என்று சொன்னால் பொய். கண்ணாடிப் பெட்டியில் பயன்படுத்திய நிக்கான் இசட்6 ஒன்று 900 வெள்ளிக்கு இருந்தது. 2018இல் வந்த முழுச்சட்டக் கேமரா. இருட்டு அரங்கில் என் கருவியைவிடப் பல மடங்கு நன்றாகப் படமெடுக்கும். 1,600 வெள்ளியில் 700 மிச்சம் என்று மனம் துள்ளியது.

ஆனால், இந்த முறை அங்கிளின் கேள்வியை நானே கேட்டேன். இதில் என்ன அட்டை போட வேண்டும்?

இசட்6இல் அட்டைத் துளை ஒன்றுதான். அது எஸ்டி ஏற்காது. எக்ஸ்கியூடி, அல்லது மென்பொருளைப் புதுப்பித்தால் அதே உருவத்தில் உள்ள சிஎஃப்எக்ஸ்பிரஸ் பி வகை. மிக வேகமான, உறுதியான அட்டைகள் அவை. தொழில்முறைப் படக்காரருக்கு அது பெரிய வரம். என்னைப் போன்ற மாணவருக்கு அது தனிச் செலவு. 2020இல் வந்த இசட்6இன் இரண்டாம் தலைமுறையில் எஸ்டி துளை ஒன்றும் கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. 

மூன்று வழிகளை ஒரு தாளில் எழுதினேன். அன்று கடையில் எனக்குச் சொல்லப்பட்ட விலைகள் இவை. கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும்.

முதல் வழி, நிக்கான் இசட்6. கேமரா 900 வெள்ளி. சிஎஃப்எக்ஸ்பிரஸ் அட்டை இரண்டு 360. அதைப் படிக்கும் கருவி 70. என் கெனன் லென்ஸ்கள் இதில் நேரடியாகப் பொருந்தாது என்பதால் பயன்படுத்திய லென்ஸ் ஒன்று 400. மொத்தம் 1,730 வெள்ளி.

இரண்டாம் வழி, பயன்படுத்திய கெனன் ஆர்பி. 2019இல் வந்த முழுச்சட்டக் கேமரா, எஸ்டி அட்டை போடலாம். கேமரா 950 வெள்ளி. பழைய வகை லென்ஸைப் பொருத்தும் இணைப்பு வளையம் 130. ஏற்கெனவே வாங்கிய அட்டையோடு இன்னோர் அட்டை 20. பயன்படுத்திய 50 மில்லிமீட்டர் லென்ஸ் 120. மொத்தம் 1,220 வெள்ளி.

மூன்றாம் வழி, இருக்கும் 700டி. இன்னோர் அட்டை 20. அதே 50 மில்லிமீட்டர் லென்ஸ் 120. படங்களைப் பாதுகாக்க வெளிப்புற வன்தட்டு 90. மொத்தம் 230 வெள்ளி.

விலைச்சீட்டில் இரண்டாவதைவிட 50 வெள்ளி மலிவாக இருந்த கேமரா, தாளில் 510 வெள்ளி கூடுதலாகிவிட்டது. அது மோசமான கேமரா என்பதற்காக அல்ல. அதற்குத் துணையாக வர வேண்டிய எதுவும் என்னிடம் இல்லை என்பதற்காக.

எது சீக்கிரம் பழையதாகிறது?

தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இன்னொன்று புரிந்தது. எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் பழையதாவதில்லை.

கெனன் நிறுவனத்தின் இஎஃப் லென்ஸ் பொருத்தும் முறை 1987இல் வந்தது. 2018இல் அந்நிறுவனம் ஆர்எஃப் என்ற புதிய முறைக்கு மாறியபோதும், பழைய லென்ஸ்களை இணைப்பு வளையம் மூலம் பயன்படுத்த வழி வைத்தது. நான் பிறப்பதற்கு முன்பு தயாரான லென்ஸைக்கூட இன்றைய கேமராவில் போடலாம். அதே காலத்தில் நினைவட்டை வகைகள் எத்தனை வந்து போய்விட்டன!

அதனால் இப்படி முடிவெடுத்தேன். அட்டைக்குத் தேவையான அளவு மட்டும் செலவு. மீதியை லென்ஸில் போடலாம். என் பழைய லென்ஸை முழுதாக நீட்டினால் அதன் துளை எஃப் 5.6. 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 1.8. கணக்குப்படி ஏறக்குறைய 10 மடங்கு ஒளி உள்ளே வரும். இருட்டு அரங்குக்குப் புதிய கேமராதான் தீர்வு என்று நினைத்த எனக்கு, 120 வெள்ளியில் பாதித் தீர்வு கிடைத்தது. நாளை கேமரா மாற்றினாலும் அந்த லென்ஸ் கூடவே வரும்.

மீதிப் பாதி தீராதது உண்மை. மிகக் குறைந்த ஒளியில் என் கேமராவின் படங்களில் இன்னும் புள்ளிகள் தெறிக்கின்றன. நாடகத்தின் அமைதியான தருணத்தில் அதன் ‘கிளிக்’ சத்தம் மூன்றாம் வரிசைவரை கேட்கிறது. இவை அட்டையாலோ லென்ஸாலோ தீரும் குறைகள் அல்ல. ஒருநாள் கேமராவை மாற்றத்தான் வேண்டும். ஆனால், அப்போது எதற்காக மாற்றுகிறேன் என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

வாங்கும் முன் நான்கு கேள்விகள்

கேமரா வாங்கும் ஆசையில் இருக்கும் நண்பர்களுக்கு, என் தவற்றிலிருந்து நான்கு கேள்விகள்.

ஒன்று, இப்போதுள்ள கருவியில் எந்தக் குறையால் எந்தப் படம் தவறியது? பெயர் சொல்ல முடியாத குறைக்குப் புதிய கேமரா மருந்தாகாது.

இரண்டு, புதிய கேமரா எந்த அட்டையை ஏற்கும், அதில் எத்தனை துளைகள்? உங்களிடம் உள்ள அட்டைகளும் படிக்கும் கருவியும் பொருந்துமா?

மூன்று, கோப்புகளின் அளவு எவ்வளவு கூடும்? 45 மில்லியன் படப்புள்ளிக் கேமராவில் ஒரு ‘ரா’ படம் ஏறக்குறைய 50 மெகாபைட். என்னுடையதைப்போல் இரு மடங்கு. அட்டை மட்டுமல்ல, மடிக்கணினியின் இடமும் பாதுகாப்பு வன்தட்டும் இரு மடங்கு வேண்டும்.

நான்கு, எங்கிருந்து வாங்குகிறீர்கள்? இணையத்தில் நம்ப முடியாத விலைக்கு வரும் பெரிய கொள்ளளவு அட்டைகளில் போலிகள் உண்டு. 512 என்று காட்டும், சில ஜிகாபைட் நிரம்பியதும் படங்களை இழக்கும். அட்டையின் உண்மையான கொள்ளளவைச் சோதிக்க இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. வாங்கியவுடன், முக்கிய நிகழ்ச்சிக்கு முன்பே, சோதித்துவிடுங்கள்.

கூடவே ஒரு வேண்டுகோள். இன்று வீட்டிற்குச் சென்றதும் இழுப்பறையைத் திறந்து பாருங்கள். பழைய அட்டை கிடைத்தால் கேமராவில் போட்டு ‘ஃபார்மேட்’ செய்யாதீர்கள். முதலில் படித்து, இரண்டு இடங்களில் நகலெடுங்கள். அந்த வகையைப் படிக்கும் கருவிகள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டேதான் போகும்.

நாடகம் முடிந்து சில மாதங்களாகின்றன. 1,600 வெள்ளியில் பெரும்பகுதி இன்னும் வங்கியில் இருக்கிறது. வேலைப்பயிற்சிக் காலத்துக்கு அது போதும். அதன்பிறகு எங்கள் மன்றத்தின் பொங்கல் நிகழ்ச்சியையும் ஒரு பட்டிமன்றத்தையும் 700டியிலேயே எடுத்தேன். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்பு அட்டையை வெளியே எடுத்து முகப்பைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அன்றிரவே படங்கள் வன்தட்டுக்கும் மேகச் சேமிப்புக்கும் போய்விடுகின்றன. ஆனால், பாட்டியின் முத்தம் எந்த அட்டையிலும் இல்லை. அதை எந்தக் கேமராவாலும் இனி எடுத்துத் தர முடியாது.

சென்ற வாரம் அந்த மாணவி என்னைச் சிற்றுண்டிச்சாலையில் பார்த்தார். மன்றத்தின் படக்குழுவில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். திறன்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டி, “அக்கா, இந்தக் கேமரா வாங்கலாமா?” என்று கேட்டார்.

“இதுல என்ன கார்டு போடணும்?” என்றேன்.

அவருக்குத் தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இருவரும் தேட ஆரம்பித்தோம்.